மட்டையை எப்போது கீழே வைத்தேன்?

எட்டு வயதில் மேசைப்பந்து ஆடத் தொடங்கியபோது, 76 செ.மீ. உயரமுள்ள அந்த மேசை என் விலா எலும்பைத் தொட்டது. மேசையை ஒட்டி நின்று, எழும்பும் பந்தை அடித்து ஆட உயரம் போதாததால், நாலடி பின்வாங்கி, இறங்கி வரும் பந்தின் அடிப்புறத்தைச் சீவித் திருப்பி அனுப்பும் ‘சாப்’ ஆட்டத்தைப் பயிற்சியாளர் எனக்குப் பழக்கினார். மற்ற பிள்ளைகள் அடித்து வென்றார்கள். நான் அவர்கள் பொறுமையிழக்கும்வரை திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்து வென்றேன். வளர்ந்த பிறகும் அந்த ஆட்டத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

அப்போது ஓர் ஆட்டத்துக்கு 21 புள்ளிகள். ஒருவர் தொடர்ந்து 5 சர்வீஸ் போடுவார். என்னைப் போல மெதுவாகச் சூடுபிடிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பெரிய வரம். முதல் ஐந்தையும் இழந்தாலும், எதிராளியின் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பினால் பந்து எப்படிச் சுழல்கிறது என்பதை அதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். மீட்க வேண்டிய அவகாசம் தாராளமாக இருந்தது.

2000 அக்டோபரில் பந்தின் விட்டம் 38 மி.மீ.யிலிருந்து 40 மி.மீ. ஆனது, வேகமும் சுழற்சியும் குறைந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆட்டம் 11 புள்ளிகளாகச் சுருங்கி, சர்வீஸ் இரண்டுக்கு ஒருமுறை கைமாறத் தொடங்கியது. நான் எதிராளியைப் புரிந்துகொள்வதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். வரிசையாகச் சில போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்றேன். பதினேழு வயதில் நிறுத்திக்கொண்டேன். விதிகள்தான் என் ஆட்டத்தைக் கொன்றன என்று பல ஆண்டுகள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் கதையில் ஓர் ஓட்டை இருந்தது. 2003இல் பாரிஸில் நடந்த உலகப் போட்டியின் ஆடவர் ஒற்றையர் இறுதிக்கு வந்தவர்களில் ஒருவர், தென்கொரியாவின் ஜூ சே ஹ்யுக். அவர் ஆடியதும் சாப் ஆட்டம்தான். அதே பெரிய பந்து, அதே 11 புள்ளிகள். இறுதியில் ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகரிடம் தோற்றார் என்றாலும், என் சாக்கு அத்துடன் செல்லாக்காசாகிவிட்டது.

உண்மையில் நடந்தது வேறு. பந்து மாறுவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், ஒரு மாலை, பயிற்சியாளர் கூடை நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக என் பின்கைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அரைமணி நேரம் காத்திருந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். மற்றவர்கள் முணுமுணுத்தபடியே பைகளை எடுத்தார்கள்; எனக்கோ நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு நானே வெட்கப்பட்டதால், யாரிடமும் சொல்லவில்லை. விளையாட்டு என்னை விட்டது அன்றைக்குத்தான். மட்டையைக் கீழே வைக்க எனக்குத்தான் மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பை கிடைத்தது. மட்டையின் கறுப்புப் பக்கத்திலிருந்த நீண்ட ரப்பர் முளைகள் விரல் பட்டதும் உதிர்ந்தன. அடியில், தையல் வாயில் விரிசல் விட்ட பழைய 38 மி.மீ. பந்து ஒன்று கிடந்தது. செல்லுலாய்டில் கற்பூரம் சேர்ப்பதால், உடைந்த பந்துகளைச் சிறுவயதில் ஆளுக்கு ஆள் வாங்கி முகர்ந்து பார்ப்போம். 2014 முதல் புழக்கத்துக்கு வந்த பிளாஸ்டிக் பந்துகளில் அந்த வாசனை கிடையாது. விரிசலை இலேசாக அழுத்தி மூக்கருகே கொண்டுபோனேன். கொஞ்சம் மிச்சம் இருந்தது.