ஓனர் தரமாட்டார்

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாடகைக்கு அறை இருப்பதாக விளம்பரம் பார்த்து ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். நன்றாகத்தான் பேசினார். சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து பாருங்கள் என்று நேரம்கூடக் கொடுத்துவிட்டார். குறித்துக்கொள்வதற்காகப் பெயர் கேட்டார், சொன்னேன். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம், "நீங்கள் இந்தியரா? மன்னிக்கவும், ஓனர் இந்தியர்களுக்குத் தருவதில்லை" என்றார். கடைக்கு இன்று லீவு என்று சொல்வதுபோலச் சொன்னார். நானும் "சரி, பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் 'பரவாயில்லை'தான் இன்றைக்கும் உறுத்துகிறது. அடுத்த விளம்பரத்துக்குக் கூப்பிட்டபோது, அவர்கள் கேட்பதற்கு முன்பே "நான் இந்தியர், உங்களுக்குச் சம்மதமா?" என்று நானே ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில் என் நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

இத்தனைக்கும் இனங்கள் கலந்து வாழ வேண்டும் என்று விதியே போட்டிருக்கும் நாடு அது. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில் ஒரு பிளாக்கில் எந்த இனத்தவர் எத்தனை வீடுகள் வைத்திருக்கலாம் என்பதற்கு 1989 முதல் வரம்பு உண்டு. ஆனால் அது வீடு வாங்குவதற்கு. தன் வீட்டு அறையை எந்த இனத்தவருக்கு விடுவது என்பதை அந்த வரம்பு தொடுவதில்லை. பிரிட்டனிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் அங்கே 1965இல் வந்தபோது வீட்டு வாடகை அதில் இல்லை, 1968இல்தான் சேர்த்தார்கள். ஜப்பானில் அரசு 2017இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே இருக்கும் என் நண்பரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே ஏஜென்ட் ஒவ்வொரு ஓனராகக் கூப்பிட்டு, "வெளிநாட்டவர்தான், சம்மதமா?" என்று கேட்டாராம். ஐந்தாவது போனில்தான் ஒரு ஓனர் சம்மதித்தாராம்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. சிங்கப்பூருக்கு முன்னால் நான் டெல்லியில் இருந்தேன். அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா, தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு இறந்த 2014ஆம் வருஷம். அலுவலகத்தில் எல்லோரும் கொதித்துப் பேசினோம், நானும் பேசினேன். அதே வருஷம் மணிப்பூரைச் சேர்ந்த தோழியும் நானும் சேர்ந்து தங்க வீடு பார்க்கப் போனோம். இரண்டு அறை, நல்ல வெளிச்சம், இருவருக்கும் பிடித்துவிட்டது. இறங்கும்போது ஓனர் அம்மா என்னை மட்டும் படியில் நிறுத்தி, "நீ வருவதென்றால் சரி. அந்தப் பெண் வேண்டாம், அந்தப் பக்கத்து ஆட்கள் எங்களுக்குச் சரிப்படாது" என்றார். தோழி கீழே என் பையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிப் போய், "வாடகை ஒத்துவரவில்லை" என்று தோழியிடம் பொய் சொன்னேன்.

சிங்கப்பூர் ஏஜென்ட்டின் போனை வைத்த அன்று இரவு அவளைக் கூப்பிட்டுப் படியில் நடந்ததைச் சொன்னேன்.

"அப்போதே தெரியும். வாடகையை நான்தானே பேசி முடித்திருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "சரி, உனக்கு வீடு கிடைத்ததா?" என்று கேட்டாள்.