லைஃப் ஆஃப் பை நாடகத்துக்கு 8 வயசு பொண்ணைக் கூட்டிட்டுப் போனது தப்பா?

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை குடும்பத்தோட லைஃப் ஆஃப் பை மேடை நாடகம் பாத்துட்டு வந்தோம், நான், வீட்டுக்காரர், 12 வயசு பையன், 8 வயசு பொண்ணு, கூட என் மாமியாரும். கப்பல் மூழ்கி, பைங்கற பையன் ஒரு புலி, கழுதைப்புலி, வரிக்குதிரை, ஒராங்குட்டானோட ஒரே படகுல மாட்டிக்கிற கதை அது. அன்னைலேர்ந்து வீட்ல இதே பேச்சுதான், அதான் பிள்ளைங்களோட பாத்தவங்க யாராச்சும் இருந்தா கேக்கலாம்னு வந்தேன். முடிவு வரைக்கும் எழுதியிருக்கேன், இன்னும் பாக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க.

நாவலை காலேஜ் டைம்லயே படிச்சிருக்கேன், 2012ல படம் வந்தப்ப அதையும் பாத்தேன், கதை தெரியும்ங்கற தைரியத்துலதான் டிக்கெட் போட்டேன். ஆனா மேடையில பாக்குறது சுத்தமா வேற. புத்தகத்துல கழுதைப்புலி வரிக்குதிரையைக் கடிக்கிற இடம் வந்தா, முடியலன்னா மூடி வெச்சிட்டு அடுத்த நாள் எடுக்கலாம். இங்க இருட்டுல உக்காந்திருக்கோம், அது பொம்மைன்னு தெரியுது, அதை ஆட்டுற ஆளுங்க கண்ணு முன்னாடியே நிக்கிறாங்க, அப்படியும் அந்த வரிக்குதிரைக்கு மூச்சு வாங்குறப்ப எனக்கே வயித்தைப் பிசைஞ்சிடுச்சு. ரெண்டு வரிசை பின்னாடி ஒரு சின்னக் குழந்தை வீல்னு அழ ஆரம்பிச்சு, அவங்க அம்மா தூக்கிட்டு வெளிய போனாங்க. பக்கத்துல இருந்தவங்க சிலர் திரும்பி முறைச்சாங்க, எனக்கு அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, குழந்தைங்க வரலாம்னு போட்டிருக்குற ஷோவுல குழந்தை அழுதா முறைக்கிறதா?

என் பொண்ணு அழவே இல்ல. என் கையை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு கண்ணு கொட்டாம பாத்தா. கடைசியில பை அதே சம்பவத்தை ரெண்டாவது கதையா மாத்தி சொல்லுவான்ல, மிருகங்களுக்குப் பதிலா மனுஷங்க வர்ற கதை, சமையல்காரன், மாலுமி, அம்மான்னு, அப்ப மட்டும் திரும்பி என் மூஞ்சியைப் பாத்தா. அப்பறம் ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. மூணாவது நாள் ராத்திரி லைட்டை அணைச்சதும் "அம்மா, அப்ப அந்த ஒராங்குட்டான்தான் அவனோட அம்மாவா"ன்னு கேட்டா. எனக்கு வாய் வரல, காலைல பேசலாம் தூங்குன்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்காரர் இவளை விட்டுட்டுப் போயிருக்கணும்ங்கறார். மாமியாருக்கு இங்கிலீஷ் பாதி புரியல, ஆனா கடைசி வரைக்கும் அசையாம பாத்துட்டு "புலிக்கு உசிரு இருந்துச்சும்மா"ன்னாங்க. பையன் கதையைப் பாத்தானா இல்ல பொம்மை ஆட்டுறவங்களையே பாத்தானான்னு தெரியல.

நான் அவசரப்பட்டுட்டேனா? அவ கேட்ட கேள்விக்கு என்னங்க பதில் சொல்றது?

பாவைக்கூத்துப் பையன்:
அக்கா, உங்க மாமியார் ஒரே வரியில விமர்சனம் எழுதிட்டாங்க. நான் சின்ன அளவுல பொம்மைகளோட வேலை செய்யறவன், அதனால அந்த உசிரு எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் சொல்றேன். அந்தப் புலியை ஒரு நேரத்துல மூணு பேர் ஆட்டுறாங்க, ஒருத்தர் தலை, ஒருத்தர் நடு உடம்பு, ஒருத்தர் பின்னங்கால். மூணு பேருக்கும் மூச்சு ஒண்ணா இருக்கணும், புலி சும்மா படுத்திருக்குறப்ப கூட விலா ஏறி இறங்கிட்டே இருக்கணும், அந்த ஏத்த இறக்கம் நின்னா பாக்குறவங்களுக்கு அது அந்த நொடியே துணியும் கட்டையும்தான். வரிக்குதிரை சாகுறது உங்களுக்கு வலிச்சதும் இதனாலதான், மூச்சை முதல்ல வேகமாக்கி அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடுவாங்க.

நம்ம பொம்மலாட்டத்துல ஆட்டுறவர் திரைக்குப் பின்னாடி இருப்பார். ஜப்பான்ல புன்ராகுன்னு ஒரு மரபு, அதுல ஒரு பொம்மைக்கு மூணு பேர், எல்லாரும் பாக்க மேடையிலயே நிப்பாங்க, இந்த நாடகமும் அந்த வழிதான். பெரியவங்கதான் முதல் பத்து நிமிஷம் "ஆளு தெரியுதே"ன்னு தவிப்பாங்க, பிள்ளைங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல, அவங்க வீட்ல தினமும் பொம்மையைக் கையில பிடிச்சிக்கிட்டே அதோட பேசுறவங்க. லண்டன் நாடகங்களுக்குக் குடுக்குற ஒலிவியே விருதுல 2022ல சிறந்த துணை நடிகர் விருதை அந்தப் புலியா நடிச்ச ஏழு பேருக்கு சேத்துக் குடுத்தாங்க. அதைக் கேட்ட அன்னிக்கு நான் அழுதுட்டேன், சத்தியமா. பொம்மை ஆட்டுறவனையும் நடிகன்னு சொல்லிட்டாங்களேன்னு.

உங்க பையன் ஆட்டுறவங்களைப் பாத்தான்னா நாடகத்தை நல்லாவே பாத்திருக்கான்.

ரெண்டுவால்கள்_அம்மா:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் பயப்படுறதுல நியாயம் இருக்கு. என் பெரியவனை 9 வயசுல வார் ஹார்ஸ் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், முதல் உலகப்போர்ல மாட்டிக்கிற ஒரு குதிரையோட கதை, அதுவும் நாவல்லேர்ந்து எடுத்ததுதான், 1982ல வந்த சிறுவர் நாவல். புத்தகத்தை அவன் ஏற்கனவே படிச்சிட்டான், அதுல குதிரையே தன் கதையைச் சொல்லும், அதனால போர்க்களம் வந்தாலும் ஒரு ஆள் கூட உக்காந்து பேசுற மாதிரி ஆறுதலா இருக்கும். மேடையில குதிரை பேசாது. காதை ஆட்டும், கனைக்கும், அவ்ளோதான். கதை சொல்ற குரல் இல்லாம போனதும் பிள்ளைக்கு அந்தத் துணையும் போயிடுச்சு, மேல குண்டு வெடிக்கிற சத்தம், பளிச் பளிச்னு லைட், இடைவேளைல நடுங்கிட்டு இருந்தான். நாலு நாள் என் பக்கத்துலதான் படுத்தான். அதுல ஒரு வாத்து வரும், அது வர்றப்பல்லாம் பிள்ளைங்க எல்லாம் சிரிச்சாங்க, இவனும் சிரிச்சான், அதைத் தவிர நல்லதா ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கறான்.

அவனுக்கு சோகம் பிரச்சனை இல்லைங்க, சத்தமும் இருட்டும்தான் பிரச்சனை. இது எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு. நிறைய தியேட்டர்ல ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மன்ஸ்னு தனியா ஒரு ஷோ வெக்கிறாங்க, ஹால் முழு இருட்டா இருக்காது, சத்தத்தைக் குறைச்சிருப்பாங்க, பிள்ளைங்க எழுந்து வெளிய போயிட்டு வரலாம், அழுதாலும் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ரெண்டாவது பையனை அதுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். போறதுக்கு முன்னாடி யார் சாவாங்கங்கறதையும் சேத்து கதையைச் சொல்லிட்டேன். சஸ்பென்ஸ் போச்சேன்னு தங்கச்சி திட்டினா, போனா போகட்டும். அந்த அழுத குழந்தையோட அம்மாவை நினைச்சா எனக்குத்தான் மனசு கேக்கல, யாராச்சும் எழுந்து கதவைத் திறந்து விட்டாங்களா?

பழுப்புப்பக்கம்:
நான் நாவல் கட்சி. 2001ல வந்து அடுத்த வருஷமே புக்கர் பரிசு வாங்குன புத்தகம், எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே இல்ல, அதனால முதல் அரை மணி நேரம் கோவமாதான் உக்காந்திருந்தேன். புத்தகத்துல கப்பல் கிளம்பவே நூறு பக்கம் ஆகும், பாண்டிச்சேரி மிருகக்காட்சி சாலை, கோயில், சர்ச், மசூதின்னு பை ஒவ்வொண்ணா நுழைஞ்சு வெளிய வர்றது, அந்த மெதுவான நடை எனக்கு உயிர். நாடகத்துல அதெல்லாம் கடகடன்னு போயிடுது. அண்ணன் ரவிக்குப் பதிலா ராணின்னு ஒரு பொண்ணு வர்றா. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு, பக்கத்து சீட்ல இருந்த என் அண்ணன் பொண்ணுக்கு ராணியைத்தான் ரொம்பப் பிடிச்சுது, அதனால வாயை மூடிக்கிட்டேன்.

ஆனா ஒரு விஷயத்துல நாடகம் ஜெயிச்சிடுச்சுன்னு ஒத்துக்கணும். புத்தகத்துல பை கரை சேந்தப்பறம் இருக்குற அந்த மெக்சிகோ ஆஸ்பத்திரியும், கப்பல் எப்படி மூழ்குச்சுன்னு அவன்கிட்ட விசாரணைக்கு வர்றவங்களும் கடைசியிலதான். நாடகம் ஆரம்பிக்கிறதே அந்த ஆஸ்பத்திரி ரூம்லதான், அந்த ரூமேதான் கண்ணு முன்னாடி கடலா மாறுது. அப்ப என்ன ஆகுதுன்னா, பை ஒவ்வொண்ணா சொல்றப்ப கேக்குறவங்க நம்பாம நிக்கிறதை நாம கூடவே பாத்துட்டு இருக்கோம். 227 நாள் கடல்ல கிடந்த பையன் இப்ப ஒரு கட்டிலுக்குக் கீழ ஒளிஞ்சிக்கிட்டு பேசுறான், அவன் நிலைமை முதல்லயே தெரிஞ்சிடுது. நாவலை நாடகமா எழுதுன லொலிட்டா சக்ரபர்த்தி இதைத் தெரிஞ்சேதான் மாத்தியிருக்காங்க.

உங்க பொண்ணு கேள்விக்கு வர்றேன். அவ கேட்டது சரிதான், ரெண்டாவது கதையில ஒராங்குட்டான் இடத்துல அம்மாதான் வர்றாங்க, அது சில பெரியவங்களே தியேட்டர் விட்டு வெளிய வந்து யோசிச்சுப் பிடிக்கிற விஷயம். அவகிட்ட இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எது நிஜம்னும் சொல்லாதீங்க, ஏன்னா பையே அதைச் சொல்ல மாட்டான், உங்களுக்கு எந்தக் கதை பிடிச்சிருக்குன்னுதான் கேப்பான். அதையே அவகிட்ட கேளுங்க. எட்டு வயசுக்கு இது பெரிய கேள்வின்னு தோணும், ஆனா அவதான முதல்ல கேட்டா.

இன்னொண்ணு, மறுபடி போனா மேல் மாடி சீட் எடுங்க. கடலை லைட்டாவும் வீடியோவாவும் தரையில விழ விடுறாங்க, கீழ முன் வரிசையில அதுல பாதி தெரியாது.

உப்புக்காத்து:
மாமியாரைக் கூட்டிட்டுப் போனீங்களே, அதுக்கே ஒரு கும்பிடு. எங்க வீட்ல அம்மாவுக்கு மொழி புரியாதுன்னு ஒவ்வொரு தடவையும் விட்டுட்டே போவோம், இதைப் படிச்சப்பறம் மனசு என்னவோ பண்ணுது.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டுவால்கள்_அம்மா, இல்லைங்க, யாரும் எழுந்திரிக்கல, நானும் எழுந்திரிக்கல. நீங்க கேட்டதுலேர்ந்து அதையேதான் நினைச்சிட்டிருக்கேன். உங்க பதிலை வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன், அடுத்த தடவை ரிலாக்ஸ்டு ஷோ பாக்கலாம்னு அவரும் சொன்னார். பழுப்புப்பக்கம் சொன்ன மாதிரியே நேத்து ராத்திரி கேட்டேன், உனக்கு எந்தக் கதை பிடிச்சிருக்குன்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, தூங்கிட்டான்னு நினைச்சேன். அப்பறம் "புலி கதைதான், அதுலதான் அவன் தனியா இல்ல"ன்னா. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு, இருட்டா இருந்ததால அவளுக்குத் தெரியல. அப்பறம் அவளே, "ஆனா அவன் அம்மாவை நினைச்சா அழுகை வருது"ன்னு சொல்லிட்டு, நாடகத்துல அழாததுக்கும் சேத்து நல்லா அழுதுட்டு என் மேலயே தூங்கிட்டா.

இன்னிக்குக் காலைல பையன் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழிச்சு புலி பண்ணிட்டு இருக்கான். தலை அவன், நடுவுல தங்கச்சி, பின்னங்காலுக்கு ஆள் இல்லைன்னு மாமியாரைக் கூப்பிட்டிருக்காங்க. பாவைக்கூத்துப் பையன் தம்பி எழுதுனதை அவனுக்குக் காட்டிட்டேன் போல, இப்ப ஹால்ல "பாட்டி, நீங்க மூச்சு விடல, புலி செத்துப்போச்சு, திரும்ப முதல்லேர்ந்து"ன்னு கத்திட்டிருக்கான்.