கிருஷ்ணகிரி பழைய வாட்ச் கண்காட்சி: போனவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

அரூர்:
நம்மாட்கள் நிறையப் பேர் அங்கே இருந்தீர்கள், அதனால் மண்டபம், கூட்டம், புழுக்கம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது.

இடதுபக்க வரிசையில் கடைசி மேசை. எச்.எம்.டி. மட்டும் வைத்திருந்தார். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று அந்தக் கம்பெனியின் மாடல்கள். ஒரு ஜனதாவை எடுத்தேன். இந்தியில் பெயர் போட்ட வெள்ளை டயல், யாரும் கைவைக்காதது, ஓரமெல்லாம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. திருப்பினால் பின்மூடியில் கையால் வெட்டிய எழுத்து: "மாப்பிள்ளைக்கு, மாமனார் வீட்டார், 12.9.1974". 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்பதால் அந்த 'ளை' யானைத் துதிக்கை போட்ட பழைய எழுத்து. வெட்டியவருக்கு நல்ல கை. அந்தத் துதிக்கையை மட்டும் ஆழமாக வெட்டிச் சுழித்திருந்தார்.

நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்துவிட்டுக் கடைக்காரர், "எழுத்து வேணாம்னா சொல்லுங்க சார், பஃபிங்ல எடுத்துடலாம், அஞ்சே நிமிஷம்" என்றார். நான் விலை கேட்பதற்குள் பக்கத்தில் நின்றவர், "எனக்குக் குடுங்க, எடுத்துட்டே குடுங்க" என்று பணத்தை நீட்டிவிட்டார். மேசைக்கு அடியிலேயே தேய்த்து மெருகேற்றுகிற சின்ன மோட்டார். பின்மூடியைத் தனியாகக் கழற்றிப் பிடித்தார். முதலில் தேதி போனது, அப்புறம் மாமனார் வீடு. துதிக்கை மட்டும் போகவே இல்லை. மூன்று தடவை வைத்து அழுத்தினார். கடைசியில் பளபளவென்று என் முகம் தெரிந்தது.

நீங்கள் எழுத்து வெட்டிய வாட்ச் வாங்குவீர்களா?

ஓசூர்க்காரன்:
வாங்குவேன், விலை குறைத்துக் கேட்பேன். ஆனால் சார், பின்மூடி எழுத்துக்கு இவ்வளவு வருத்தமா? டயல் ஒரிஜினல் என்கிறீர்கள், அதுவே கிடைக்காத காலம் இது.

என் கதையைக் கேளுங்கள். மேடை ஓரத்து மேசையில் சீக்கோ 5, ஆரஞ்சு டயல், பழம்போல மின்னியது. கடைக்காரர் கையில் எடுத்துக் காட்டுகிறார். நான் லென்ஸை வைக்கிறேன். அவர் கட்டைவிரல் சரியாக 6 மணிக்குக் கீழே. கொஞ்சம் திருப்பச் சொன்னேன், வாட்ச் திரும்பியது, விரலும் கூடவே திரும்பியது! வெளிச்சம் போதவில்லை என்று நானே கையில் வாங்கிக்கொண்டேன்.

அந்த வாட்ச்களில் டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும், உங்களுக்கெல்லாம் தெரியும். டயலில் 6309, பின்மூடியில் 7009. டயல் புதுப் பெயின்ட், அதுவும் வேறு வாட்சுக்கானது. "என்ன பாய், நம்பர் ஒத்துப்போகலையே?" என்றேன். அவர் அசரவே இல்லை. "டயல்ல டைம் பாப்பீங்களா, நம்பர் பாப்பீங்களா?" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரோடு சேர்ந்து, என்னைப் பார்த்து. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதில் இரண்டு பேர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

காவேரிப்பட்டணம்:
சிரித்தவர்களில் நானும் ஒருவன், மன்னிக்கவும். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. ரீடயல், அதாவது டயலுக்குப் புதுப் பெயின்ட், என்றால் உடனே திருட்டு மாதிரி பேசுகிறோம். மழையில் நனைந்து டயல் உரிந்துபோன வாட்சை நம்மூர்க்காரன் தூக்கியா போடுவான்? பெயின்ட் அடித்துக் கட்டிக்கொள்வான். ஒரிஜினல் என்று சொல்லி விற்றால்தான் தப்பு. அவர் அப்படிச் சொன்னாரா?

நான் பார்த்தது சின்ன விஷயம். வாசலருகே ரிப்பேர் பார்க்க ஒரு வயதான பாய் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பைலட்டைக் கொடுத்தார்கள். பாய் திறந்தார், பின்மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தார், அப்படியே நிறுத்திவிட்டார். சர்வீஸ் செய்கிறவர்கள் உள்ளே ஊசியால் தேதியும் குறியும் கீறி வைப்பார்கள் அல்லவா, நாலைந்து பேர் கீறியிருந்தார்கள். அதில் ஒன்றைக் காட்டி, "இது என் கை" என்றார். வாட்ச் கொண்டுவந்தவர் காதில் விழவில்லை, எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அரூர் சார், அந்த ஜனதாவிலும் உள்பக்கம் ஏதாவது இருந்திருக்கும். அதை யாரும் பஃபிங் போட மாட்டார்கள்.

சரி, அடுத்த முறை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மேசைமேல் ஓடுகிறது என்று நம்பாதீர்கள். சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க ஒரு நிமிஷம், கவிழ்த்து ஒரு நிமிஷம், சாவி கீழே தொங்க ஒரு நிமிஷம் காதில் வையுங்கள். உள்ளே ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு தேய்ந்திருந்தால் ஒரு நிலையில் நன்றாக ஓடி இன்னொன்றில் தடுமாறும். ஜனதா மணிக்கு 18,000 தடவை துடிக்கும், அதாவது நொடிக்கு 5. பழகின காதுக்கு இடறல் உடனே தெரியும். தேதி காட்டும் வாட்ச் வாங்கினால் முள் இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணிக்குள் காட்டும்போது தேதியைத் திருகாதீர்கள், உள்ளே சக்கரத்தின் பல் உடையும். வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ரப்பர் செத்திருக்கும், கைகழுவும்போதுகூடக் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, 1950-களின் மிலிட்டரி வாட்ச்களில் இருட்டில் மினுங்கப் பூசியது ரேடியம். மினுக்கம் போய்விட்டது, அதனால் பயமில்லை என்று ஒருவர் மேசையில் விளக்கிக்கொண்டிருந்தார். மினுங்குகிற மருந்துதான் செத்தது, ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். வீட்டில் திறந்து சுரண்டி அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள். அப்புறம், எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது, பார்ட்ஸ் வேண்டுமானால் இன்னொரு வாட்சைத்தான் பிரிக்க வேண்டும். ஓடாத ஒன்று மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

பாலக்கோடு:
அண்ணா, யாரும் கேட்காமலே இவ்வளவு சொன்னீர்கள், நன்றி. ஆனால் பார்ட்ஸுக்கு வாங்குங்கள் என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம்.

நான் ஒவ்வொரு மேசைக்குப் போனபோதும் முதல் கேள்வி, "சாருக்கா மேடம்?" எனக்குத்தான் என்றால் உடனே குரல் மாறிவிடுகிறது. லேடீஸ் வாட்ச் எங்கே என்று கேட்டேன். ஒருவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சோற்று டப்பாவை இழுத்தார். உள்ளே அள்ளிப் போட்ட மாதிரி லேடீஸ் வாட்ச்கள், ஒன்றின் சாவி இன்னொன்றின் கண்ணாடியில் உரச. "எது எடுத்தாலும் இருநூறு, பார்ட்ஸுக்கு ஆகும்" என்றார். மேலே பஞ்சு வைத்து அடுக்கியவை எல்லாம் ஆம்பளை வாட்ச்.

அடியில் விரலை விட்டுத் துழாவினேன். எச்.எம்.டி. சுஜாதா ஒன்று கிடைத்தது. பத்துப் பைசா அளவுகூட இல்லை. அதன் சின்னப் பட்டையில், கடைசித் துளைக்கும் அப்பால் ஊசியால் குத்தி ஒரு துளை. அவ்வளவு மெலிந்த கை யாருக்கோ இருந்திருக்கிறது. சாவி கொடுத்தேன், ஓடியது. அவரே ஆச்சரியப்பட்டு, "ஓடுதா? அப்போ ஐநூறு" என்றார்!

கொடுத்தேன், வேறென்ன செய்வது.

தேன்கனிக்கோட்டை:
நீங்கள் எல்லாரும் பெங்களூர்ச் சரக்கையே பேசுகிறீர்கள். எச்.எம்.டி.யார் 1961-இல் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து அங்கே ஆரம்பித்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். டைட்டன் நம்மூர் இல்லையா? 1984-இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது, தொழிற்சாலை ஓசூரில். அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்ததே 2004-இல்தான்.

அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மச்சான் அவர் காலத்து டைட்டன் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். விற்க இல்லை, காட்டத்தான். மேசைக்காரர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "செல் வாட்ச் ஆண்ட்டிக் கிடையாது பெரியவரே." மச்சான் ஒன்றும் பேசவில்லை. அந்த ஆளின் மேசையிலேயே ஓடாமல் கிடந்த இன்னொரு செல் வாட்சை எடுத்து, பேனாக்கத்தியால் பின்மூடியைத் திறந்து, செல்லின் தகட்டை நகத்தால் லேசாக நிமிர்த்தி மூடி வைத்தார். நொடி முள் குதித்தது. விலைச்சீட்டில் 100 என்று இருந்ததை அந்த ஆள் நாங்கள் நகர்வதற்குள் 600 என்று மாற்றி ஒட்டினார்.

ஓசூர்க்காரன்:
அவரும் என் ஆரஞ்சு டயல்காரரும் ஒரே ஆளா? மேடை ஓரமா?

தேன்கனிக்கோட்டை:
இல்லை, தண்ணீர் கேன் பக்கம்.

அரூர்:
எழுத்தைப் பற்றிக் கேட்டேன், எங்கேயோ போய்விட்டது. பரவாயில்லை. விலை கேட்டு இருவர் தனியாக எழுதியிருக்கிறீர்கள், அந்த ஜனதா 1,800-க்குப் போனது. பஃபிங் இலவசம்.

பாலக்கோடு:
காவேரிப்பட்டணம் அண்ணா, அந்தப் பாய் லேடீஸ் வாட்ச் எடுப்பாரா? இங்கே இரண்டு கடையில் மிஷின் ரொம்பப் பொடி, கை நடுங்குது என்று திருப்பிவிட்டார்கள்.

காவேரிப்பட்டணம்:
எடுப்பார் அம்மா. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், மதியத்துக்கு மேல்தான் திறப்பார். துளைபோட்ட அந்தப் பட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், கேட்காமலே புதுப் பட்டை மாட்டிவிடுகிற பழக்கம் அவருக்கு உண்டு.