கலைச்சொல் தேவை: ஸ்ப்ரூ (வெள்ளிக்கிழமைக்குள்)

நாகர்கோவிலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். விடுமுறை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ராணுவ வாகன மாடல் கிட் கட்டச் சொல்லிக்கொடுக்கிறோம். 1/72 அளவு, அதாவது ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். இதைவிடப் பெரிதான 1/35 வாங்கியிருந்தால் சின்னக் கைகளுக்கு வாகாக இருந்திருக்கும், விலைதான் ஒத்துவரவில்லை. பெட்டியில் வரும் விளக்கத்தாளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கம்பிக் கூட்டில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த ஸ்ப்ரூவுக்குச் சொல் வேண்டும். பிள்ளைகள் "அந்தக் கம்பி" என்கிறார்கள். வாக்கியம் இது: "பாகத்தைக் கையால் முறுக்கிப் பிய்க்காதே. கொஞ்சம் மிச்சம் விட்டு ______-லிருந்து வெட்டி எடு. மிச்சத்தைப் பிறகு சீவி, உப்புத்தாளால் தேய்."

பூதப்பாண்டியிலிருந்து:

டீச்சர், முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாடல் கட்டுகிறவர்கள் ஸ்ப்ரூ என்று சொல்வதில் பெரும்பகுதி ஸ்ப்ரூவே அல்ல. உருகிய பாலிஸ்டைரீன் இயந்திரத்திலிருந்து அச்சுக்குள் இறங்கும் முதல் வழிதான் ஸ்ப்ரூ. அதிலிருந்து பிரிந்து ஓடுவது ரன்னர். பாகத்துக்குள் நுழைகிற குறுகலான வாய் கேட். நாஞ்சில்நாட்டில் பாசனத் துறையில் வேலை பார்த்தவனுக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை: தலைக்கால், கிளைக்கால், மடை. பேச்சிப்பாறைத் தண்ணீர் வயலுக்கு வந்து சேரும் வழியும் இதுவே. "மடையில் வெட்டு" என்று எழுதுங்கள். எங்கே வெட்டுவது என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

திருவட்டாறிலிருந்து:

அண்ணாச்சி சொன்ன மடை அழகான சொல். கால் எனக்கு ஒப்பவில்லை. பிள்ளையின் கையில் இருப்பது ஓட்டம் நின்று உறைந்துபோன பொருள். அதைப் பார்த்தால் வாய்க்காலா நினைவுக்கு வரும்? நடுவில் ஒரு தண்டு, இரு பக்கமும் உறுப்புகள். அது ஈர்க்கு.

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம், அதாவது கெட்டிப் பகுதி, உடையதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. தென்னையும் பனையும் புல். அந்தப் புல்லுக்குரிய உறுப்புப் பெயர்களில் தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை என்று சொல்லிவந்து ஈர்க்கையும் குலையையும் அடுத்தடுத்து வைக்கிறார். முழு ஸ்ப்ரூவுக்குக் குலை, தனித் தண்டுக்கு ஈர்க்கு என்று நமக்காகவே வைத்ததுபோல் இருக்கிறது. ஈர்தல் பிளத்தல், ஓலையை இரண்டாக ஈர்ந்தால் இடையில் நிற்பது ஈர்க்கு. இதே வேர்தான் ஈர்வாளிலும் இருக்கிறது. ஈரம் என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா என்று பல காலமாக யோசித்துவருகிறேன், தனிமடலில் எழுதுகிறேன்.

கருங்கல்லிலிருந்து:

ஐயா, மன்னிக்கணும். ஸ்ப்ரூ என்றே போட்டுவிடலாமே. கிட் வாங்கப் போகிற பையன் இணையத்தில் ஸ்ப்ரூ என்று தேடினால்தான் காணொளி வரும். விளக்கத்தாளில் ஒவ்வொரு கூட்டுக்கும் ஏ, பி என்று எழுத்து, பாகத்துக்கு எண். "ஏ ஸ்ப்ரூவில் 14" என்றால் வேலை முடிந்தது. "ஏ குலையில் 14" என்றால் பழக்கடை மாதிரி இருக்கிறது.

ஆனால் ஒன்று. மிச்சமான கம்பியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, படாமல் பிடித்து உருட்ட வேண்டும். நடுவில் பளபளப்பு ஏறித் தொய்யத் தொடங்கியதும் சுடரை விட்டு விலக்கி இரண்டு முனையையும் நிதானமாக இழுத்தால் முடி மாதிரி நீளும். டாங்கியின் ரேடியோ ஏரியலுக்கு அதைத்தான் வெட்டி ஒட்டுவோம். அந்த இழைக்கு ஈர்க்கு என்று பெயர் வைத்தால் எனக்குச் சம்மதம்.

திருவட்டாறிலிருந்து:

தம்பி, பாதி ஒப்புக்கொண்டாய், மகிழ்ச்சி. ஸ்ப்ரூ என்று தமிழில் சொல் தொடங்காது. வடமொழி எழுத்தை விலக்கி எழுத வேண்டும் என்கிற தொல்காப்பியரின் "வடவெழுத்து ஒரீஇ" விதி வடசொல்லுக்கு மட்டும்தானா? குறைந்தது இசுப்புரூ என்றாவது எழுத வேண்டும்.

பூதப்பாண்டியிலிருந்து:

இசுப்புரூ என்று எழுதினால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் புரியாது, அந்தப் பக்கத்து ஆங்கிலக்காரனுக்கும் புரியாது.

குளச்சலிலிருந்து:

அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. கால், மடை என்கிறீர்கள். தோவாளைச் சானல், அனந்தனார் சானல் என்றுதானே நம் ஊரில் விவசாயியும் சொல்கிறார்? கால்வாய் என்ற நல்ல சொல் இருக்கும்போதே சானல் வேரூன்றிவிட்டது. தூய்மை பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, தாளில் டாங்கி என்றா எழுதுகிறீர்கள்? முதல் உலகப்போரில் பிரிட்டன் இந்த வண்டியை ரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி என்று பிறர் நம்பட்டும் என்றே அந்தப் பெயரை வைத்தார்கள். 1916 செப்டம்பரில் சொம் போர்க்களத்தில் இறக்கிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே பொருளை மொழிபெயர்க்கப் போனால் "தொட்டி"யில் போய் நிற்போம். ஈழத்தில் தாங்கி என்கிறார்கள். ஒலியும் கிட்ட, கவசத்தையும் பீரங்கியையும் தாங்குவது என்ற பொருளும் கிடைக்கிறது. என் ஓட்டு தாங்கிக்கு. ஸ்ப்ரூவுக்குச் சட்டம் போதும். படத்துக்குச் சட்டம், ஜன்னலுக்குச் சட்டம், பாகத்துக்கும் சட்டம்.

தக்கலையிலிருந்து:

வார்ப்புச் சொல்லை எங்கே தேடுவது என்றால் புலியூர்க்குறிச்சிக்கு வாருங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குத் தளபதியாகி, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை நடத்தினார். அந்த உலையில் நின்றவர்கள் நம் ஊர்க் கொல்லர்களாகத்தான் இருந்திருப்பார்கள். உலோகம் ஊற்றும் வழிக்கு அவர்கள் வாயில் ஒரு சொல் இருந்திருக்கும். பழைய பாத்திரப் பட்டறைக்காரர்களிடம் கேட்டு வருகிறேன், ஒரு மாதம் பொறுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

ஐயா, வெள்ளிக்கிழமை!

பூதப்பாண்டியிலிருந்து:

டீச்சருக்கு அவசரம் என்பதால் சட்டத்துக்கு நான் வழிவிடுகிறேன். மடையை மட்டும் விடமாட்டேன். உருகிய பிளாஸ்டிக் ஓடி வந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான், தடிமனான பாகத்தில் ஏன் குழி விழுகிறது, அச்சு இரண்டும் சரியாகப் பொருந்தாத இடத்தில் ஏன் மெல்லிய சவ்வு துருத்துகிறது என்பதெல்லாம் விளங்கும். வெறும் கம்பி என்று நினைக்கிற பிள்ளை சவ்வையும் பாகத்தின் ஓரம் என்றே எடுத்துக்கொண்டு அப்படியே ஒட்டிவிடும்.

கருங்கல்லிலிருந்து:

சட்டம், மடை, எனக்குச் சரி. முதல் தடவை மட்டும் "சட்டம் என்கிற ஸ்ப்ரூ" என்று போட்டுவிடுங்கள் டீச்சர், தேடுகிறவனுக்கு உதவும். பசை பற்றியும் ஒரு வரி சேருங்கள்: மாடல் பசை பிளாஸ்டிக்கையே இளக்கிப் பற்றவைக்கிறது, அதனால் துளி போதும். நிறைய விட்டால் பாகம் கரைந்து உருக்குலைந்துவிடும். வண்ணம் பூசிய பரப்பில் அது பிடிக்காது, ஒட்டும் இடத்தில் சுரண்டிவிட வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தாளில் போவது: "பாகத்தைக் கையால் முறுக்கிப் பிய்க்காதே. மடையில் கொஞ்சம் மிச்சம் விட்டு, சட்டத்திலிருந்து வெட்டி எடு." இழுத்த இழைக்கு ஈர்க்கு. தாங்கி, டாங்கி இரண்டில் இந்த முறை டாங்கி, பெட்டி மேலும் பிள்ளைகள் வாயிலும் அதுதான் இருக்கிறது. பசைக் குறிப்பு சேர்த்தாயிற்று.

குளச்சலிலிருந்து:

தாங்கி என் ஓட்டு என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

திருவட்டாறிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் சட்டம் என்பது வெளி விளிம்பைத்தான் குறிக்கும். உள்ளே குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற தண்டுகளுக்கு அதில் இடமில்லை. சில கிட்டுகளில் வெளி விளிம்பே இருக்காது, நடுத்தண்டும் கிளையும் மட்டும் வரும். அப்போது எதைச் சட்டம் என்பீர்கள்? மறுபதிப்பு வரும்போது ஈர்க்கை மீண்டும் எழுப்புவேன். வாகனத்தின் மேல் ஒட்டும் அடையாளப் படமான டீகாலுக்கு யாரும் இதுவரை சொல் தரவில்லை. நீரில் நனைத்து வழுக்கி இறக்குவதால் "வழுக்குப்படம்" என்று வைத்திருக்கிறேன், ழகரத்தைக் கெடுக்காமல் சொல்லக்கூடிய பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள் டீச்சர்.