வீட்ல இருந்தே சொந்தத் தொழில், எதையெல்லாம் செலவுல காட்டலாம்?

எடிட்டர்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். வேலையை விட்டுட்டு சொந்தமா வீடியோ எடிட்டிங் ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகப்போகுது. இத்தனை நாளா சம்பளத்துலயே வரியைப் பிடிச்சுட்டுதான் குடுப்பாங்க, அதனால நான் அதைப் பத்தி யோசிச்சதே இல்ல, இப்பதான் முதல் தடவையா நானே கணக்குப் போட்டு ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும். கூட்டாளி ஒருத்தன் "எல்லாத்தையும் செலவுல எழுதுடா, எவன் வந்து கேக்கப்போறான்"ங்கறான். எனக்கு பயமா இருக்கு.

வேலை பாக்குறது வீட்ல ஒரு ரூம்ல, ஆனா அதுலயே ஒரு கட்டிலும் கிடக்கு, விருந்தாளி வந்தா அங்கதான் படுப்பாங்க. நெட்டும் போனும் வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒண்ணுதான். வருஷம் முடியறதுக்குள்ள புது கம்ப்யூட்டர் வாங்கிட்டா அந்தக் காசு அப்படியே வரியில கழிஞ்சிடும்னு சொல்றாங்களே, நிஜமா? (இருக்கறது நல்லாத்தான் ஓடுது.) அப்புறம் ஒரு கிளையன்ட் கடைசி பில்லுக்கு காசே தராம டிமிக்கி குடுத்துட்டான், அந்த நஷ்டத்தைக் காட்டலாமா? பில்லெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருந்தேன், நேத்து எடுத்துப் பாத்தா பாதி வெள்ளைப் பேப்பரா இருக்கு, எழுத்தே காணோம்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, மொதல்ல அந்த கம்ப்யூட்டர் விஷயத்தைப் பேசிடுவோம், ஏன்னா நெறைய பேர் வழுக்கி விழுற இடம் அதுதான். செலவா காட்டுற காசு வரியில இருந்து கழியாது, வருமானத்துல இருந்துதான் கழியும். உங்களுக்கு வரி 20 சதவீதம்னு வச்சுக்கோங்க. 100 செலவு பண்ணா வரியில மிச்சம் 20, மீதி 80 உங்க கையை விட்டுப் போனது போனதுதான். தேவைப்படுற பொருள்னா அந்த 20 லாபம். நல்லா ஓடுற கம்ப்யூட்டரைத் தூக்கி வச்சுட்டு வரிக்காக இன்னொண்ணு வாங்குறது, சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

அதுலயும் முழுசா ஒரே வருஷத்துல கழிக்க விடுவாங்களாங்கறது நாட்டுக்கு நாடு மாறும். பல வருஷம் உழைக்கிற சாமான்னா அதை தேய்மானமா கொஞ்சம் கொஞ்சமாத்தான் கழிக்கணும்கறது பொது வழக்கம். இந்தியாவுல கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம், அதுவும் வாங்கின வருஷத்துல 180 நாளைக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா அதுல பாதிதான், ஆக கடைசி மாசத்துல ஓடிப்போய் வாங்கினா 20தான் கிடைக்கும். அமெரிக்கா, பிரிட்டன்ல சின்னத் தொழில்காரங்க பெரும்பாலும் வாங்கின வருஷமே முழுசாக் கழிச்சுக்க வழி இருக்கு.

காசு தராத கிளையன்ட்: நீங்க வருமானத்தை காசு கைக்கு வந்த அன்னிக்குத்தான் எழுதுறீங்கன்னா, வராத காசை வருமானமா காட்டவே இல்லையே, அப்புறம் எதுல இருந்து கழிப்பீங்க? பில் போட்ட அன்னிக்கே வருமானம்னு எழுதியிருந்தாத்தான் அதை வாராக்கடன்னு தள்ள முடியும். உங்க உழைப்புக்கும் நீங்களே ஒரு விலை போட்டு செலவா காட்ட முடியாது.

ஊசிநூல்:
நான் வீட்ல தைச்சுக் குடுக்கறேன், ஒன்பது வருஷமா, நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை சொல்றேன். வரியில நான் மாட்டுனது பொய்க்கணக்கு எழுதி இல்ல, ஒரே பேங்க் அக்கவுண்ட் வச்சிருந்ததாலதான். மளிகை, பள்ளிக்கூட ஃபீஸ், நூல்கண்டு, பட்டன், எல்லாம் அதுலயே. ஒரு வருஷம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துச்சு, மூணு ராத்திரி உக்காந்து ஸ்டேட்மென்ட்ல ஒவ்வொரு வரியா மஞ்சள் பேனா அடிச்சேன். ஒரே கடைல ஒரே நாள்ல ரெண்டு பில், எது வீட்டுக்கு எது தொழிலுக்குன்னு எனக்கே தெரியல, கடைசில நிஜமான செலவுலயே பாதியை விட்டுக்குடுத்தேன். தொழிலுக்குத் தனி அக்கவுண்ட் ஒண்ணு இன்னிக்கே திறங்க. பில் வாங்குன கையோட போட்டோ எடுத்துடுங்க, அந்த வழவழ பேப்பர் சூடு பட்டாலே அழிஞ்சிடும். உங்க கவர்ல இருக்கறதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட்டோட தேதி, தொகை ஒத்துப்போகுதான்னு பாத்து இப்பவே எழுதி வைங்க, கொஞ்சமாவது தேறும்.

போனுக்கு நான் பண்றது, ஏதாவது ஒரு சாதாரண மாசத்து பில்லை எடுத்து தொழில் கால் எத்தனை, வீட்டுக் கால் எத்தனைன்னு எண்ணி அந்தப் பங்கை மத்த மாசத்துக்கும் போடறேன். கேட்டா காட்டுறதுக்கு அந்த பில் என்கிட்ட இருக்கு. அந்தக் கட்டில் மேட்டர் எனக்கு சரியாத் தெரியல, கணக்குப்பிள்ளை அண்ணன்தான் சொல்லணும்.

கணக்குப்பிள்ளை:
கட்டில்தான் வில்லன். அமெரிக்காவுல அந்த இடம் தொழிலுக்கு மட்டும்தான், அதுவும் தொடர்ந்து, பயன்படணும்னு விதி. விருந்தாளி படுத்தா அவ்வளவுதான், போச்சு. சரியா இருந்தா சதுர அடிக்கு 5 டாலர்னு, 300 சதுர அடி வரைக்கும் சுலபமா கணக்குப் போட்டுக்கலாம், இல்லன்னா நிஜச் செலவுல பங்கு. பிரிட்டன் மாதிரி இடத்துல எவ்வளவு இடம், எவ்வளவு நேரம்னு பாத்து நியாயமா பிரிச்சுக்க விடுவாங்க. வீடு 1000 சதுர அடி, ரூம் 100ன்னா வாடகையும் கரண்டும் பத்துல ஒரு பங்கு, அந்த ரூம்ல பாதி நேரம் வீட்டு வேலையும் நடக்குதுன்னா அதுலயும் பாதி. வீட்டுக்கடன் கட்டுறீங்கன்னா வட்டியில பங்கு கேக்கலாம், அசல் எங்கயும் செலவாகாது.

சும்மாஒருத்தன்:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? செலவே காட்டாம போற வழியும் இருக்கே. இந்தியாவுல சின்ன வியாபாரம்னா வரவுல 8 சதவீதம், பேங்க் வழியா வந்ததுக்கு 6 சதவீதம் லாபம்னு எடுத்துக்கிட்டு வரி கட்டிடலாம், டாக்டர், வக்கீல் மாதிரி சில தொழிலுக்கு வரவுல பாதி லாபம்னு கணக்கு, ரெண்டுக்கும் வரவு உச்சவரம்பு உண்டு. பிரிட்டன்ல வரவுல 1000 பவுண்ட் வரைக்கும் வரி இல்லாம அப்படியே தள்ளிடுவாங்க. ஆனா அதை எடுத்தா தனியா செலவு காட்ட முடியாது, ரெண்டு பக்கமும் கை நீட்டக் கூடாது. செலவு கம்மியா இருக்கற எடிட்டருக்கு இதுதான் நிம்மதி. ஊசிநூல் அக்கா மாதிரி துணி வாங்கித் தைக்கறவங்க ரெண்டையும் போட்டுப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

எடிட்டர்தம்பி:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சின்ன டவுட் மட்டும். கிளையன்ட் மீட்டிங்குக்குன்னே ஒரு கோட் சூட் எடுத்தேன், வேற எங்கயும் போடறதில்ல. அப்புறம் ஒரு ஷூட்டுக்குப் போனப்ப அப்படியே அத்தை பொண்ணு கல்யாணத்தையும் பாத்துட்டு வந்தேன்.

கணக்குப்பிள்ளை:
கோட் போகாது தம்பி. பிரிட்டன்ல ஆன் மல்லாலியூன்னு ஒரு வக்கீல் கோர்ட்டுக்குப் போடுற கறுப்பு உடுப்புக்கு இதே வாதம் வச்சாங்க, 1983ல பிரபுக்கள் சபை (அப்ப அங்க கடைசி அப்பீல் கோர்ட் அதுதான்) வரைக்கும் போய் தோத்தாங்க. கோர்ட்ல போட்டாலும் உடம்பை மறைக்கவும் குளிருக்கும் அந்தத் துணிதானே உதவுதுன்னு சொல்லிட்டாங்க. வெல்டிங் பண்றவர் கண்ணாடி, கையுறை வேற விஷயம்.

பயணம் ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு அண்ணனுக்குப் பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு வகை. ஷூட்டுக்காகவே போனீங்கன்னு மெயில் இருந்தா டிக்கெட்டைக் காட்டலாம், கல்யாணத்துக்காகத் தங்குன நாள் ரூம் வாடகை உங்க சொந்தச் செலவு. எது மொதல்ல முடிவாச்சுன்னு தேதியைப் பாப்பாங்க.

எடிட்டர்தம்பி:
பத்திரிகைதான் மொதல்ல வந்துச்சு 🙈 விட்டுடறேன். கம்ப்யூட்டரும் வாங்கல. கட்டிலை இன்னிக்கு சாயங்காலமே ஹாலுக்கு நகத்தப் போறேன், மச்சான் வந்தா அங்க படுக்கட்டும்.

ஊசிநூல்:
நகத்தினதும் காலி ரூமை ஒரு போட்டோ எடுத்து வைங்க, தேதி தெரியற மாதிரி. அதுக்கு முன்னாடி மாசத்துக்கெல்லாம் அந்தப் பங்கைப் போட்டுடாதீங்க.