புதுப்பிப்பு: எரிச்சல் தராத கண்மை கிடைத்துவிட்டது

கண்மை போட்டாலே எரிகிறது, நஞ்சில்லாத மை எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. 'இயற்கை சுர்மா' (பொடியாக வரும் கண்மை) வாங்கச் சொன்னவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பாரம்பரிய சுர்மாவில் பல நேரம் இருப்பது கலீனா, அதாவது ஈய சல்ஃபைடு. மண்ணிலிருந்து வருவதுதான், ஆனால் ஈயம் ஈயம்தானே! அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அதை அழகுப் பொருளில் நிறமியாக அனுமதிப்பதே இல்லை.

அப்புறம், அம்மா சொன்னபடி கரிசலாங்கண்ணிச் சாற்றில் ஊறிய துணியைக் காயவைத்துத் திரித்து, விளக்கெண்ணெயில் எரித்தேன். மை அருமையாக வந்தது. மதியத்துக்குள் கன்னம் வரை வழிந்தது. புகைக்கரியும் கண்ணுக்குள் வேண்டாம் என்றார் மருத்துவர்.

இப்போது இரும்பு ஆக்சைடு நிறமியுள்ள, வாசனை சேர்க்காத பென்சில். இமைக்கு வெளியே மட்டும். எரிச்சல் இல்லை. அம்மாவின் மை, வாசல் பூசணிக்காய்க்கு மீசை வரையப் போய்விட்டது.