கொழும்பு மாநாட்டில 25 நிமிஷ டெமோ: மண்டபத்தை நம்பாமல் ஓட்டுறது எப்பிடி?

கோண்டாவில்_கோடர்

வணக்கம் எல்லாருக்கும். அடுத்த மாதம் கொழும்பில நடக்கிற மென்பொருள் மாநாடு ஒண்டில பேச யாழ்ப்பாணத்தில இருந்து போறன். 25 நிமிஷம், கடைசி 5 நிமிஷம் கேள்விக்கு. தலைப்பு: தரவுத்தளத்தில தமிழ்ப் பெயரைத் தேடினால் ஏன் ஆள் அகப்படுறதில்லை.

டெமோவில போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், நோட் ஜேஎஸ்ஸில (Node.js) எழுதின சின்ன ஏபிஐ (தரவைக் கேட்டு வாங்குற நிரல்), பிரவுசர் பக்கம் மூண்டும் டொக்கர் கம்போஸில (நிரல்களைத் தனித்தனிப் பெட்டியளா வைச்சு ஒண்டா ஓட்டுற கருவி) ஓடுது. லப்டொப் உபுண்டு, 16 ஜிபி. மண்டபத்து வைஃபையை நம்பலாமோ? நேரடி டெமோவோ, பதிஞ்சு வைச்ச வீடியோவோ நல்லது? ஸ்லைடில தமிழ் உடையாமல் இருக்க என்ன செய்யவேணும்? என்ர முறை காலமை 11.20க்கு. முதல்நாள் இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி நேர மண்டபத்துக்குப் போனால் சரிவருமோ?

பண்ணைக்_காத்து

வைஃபையை நம்பாதேங்கோ. 300 பேர் வந்தால் ஆளுக்கு போன் ஒண்டு, லப்டொப் ஒண்டு எண்டு 600 கருவி ஒரே காத்தைப் பங்குபோடும். நல்ல கருவி பூட்டியிருந்தாலும் உங்கட முறை வரேக்க என்ன வேகம் கிடைக்கும் எண்டு ஒருதராலையும் சொல்லேலாது.

இண்டைக்கே ஒரு சோதனை செய்யுங்கோ. வைஃபையை அணைச்சு, கேபிளைக் கழட்டி, லப்டொப்பை ரீஸ்டார்ட் பண்ணி, வெறுமையில இருந்து டெமோவை முழுக்க ஓட்டுங்கோ. வழமையா உடையுற இடங்கள் இதுகள்தான். கம்போஸ் கோப்பில பில்ட் வரி இருந்து, அது திரும்ப பில்ட் பண்ணத் தொடங்கினால், அடிப்படை இமேஜின்ர (பெட்டிக்குள்ள போற நிரல் பொதியின்ர) விபரத்தைத் தேடி வெளியில போகப் பார்க்கும். முதலே பில்ட் பண்ணி, பதிப்பு இலக்கத்தோட பெயர் வைச்சு, கோப்பில இமேஜ் வரியை மட்டும் விடுங்கோ. லேட்டஸ்ட் எண்ட குறிச்சொல் வேண்டாம். கொன்டெய்னர் (அந்தப் பெட்டி) தொடங்கேக்க என்பிஎம் இன்ஸ்டோல் (நோட்டுக்கு வேண்டிய பொதிகளை இறக்குற கட்டளை) ஓடுற மாதிரி எழுதியிருந்தால் அதையும் இமேஜுக்குள்ள தள்ளுங்கோ. பிரவுசர் பக்கம் எழுத்துருவையோ ஐகனையோ ஜாவாஸ்கிரிப்டையோ சீடிஎன்ல (இணையத்தில கோப்புகளைத் தாற வெளிச் சேவையகம்) இருந்து எடுக்குதோ எண்டு பிரவுசரின்ர டெவலப்பர் கருவியில நெட்வேர்க் டப்பில பாருங்கோ. லொக்கல்ஹோஸ்ட்டைத் தவிர வேற பெயர் ஒண்டும் அதில நிக்கக்கூடாது.

பிறகு டொக்கர் சேவ் குடுத்து மூண்டு இமேஜையும் ஒரே கோப்பாக்கி பென்ட்ரைவில வையுங்கோ. பென்ட்ரைவ் எக்ஸ்ஃபட்டில இருக்கவேணும். ஃபட்32 எண்டால் 4 ஜிபிக்கு மேல ஒரு கோப்பு ஏறாது. இரவல் லப்டொப்பில ஓட்டவேண்டி வந்தால் அதின்ர சிப் என்ன எண்டு முதலே கேளுங்கோ. இன்டெலுக்குக் கட்டின இமேஜ் ஆப்பிள் எம் வரிசையில எமுலேஷனிலதான் ஓடும், போஸ்ட்கிரஸ் எழும்பவே நேரம் எடுக்கும். ரெண்டு வகைக்கும் பில்ட் பண்ணி வைச்சால் கவலை இல்லை.

லினக்ஸில இன்னொரு பொறி இருக்கு, கனபேருக்குத் தெரியாது. டொக்கர் தன்ர உள்நெட்வேர்க்குக்கு 172.17 இல தொடங்கி 172.18, 172.19 எண்டு எடுத்துக்கொண்டு போகும். ஹோட்டல் வைஃபையும் அதே வரிசையில முகவரி குடுத்தால் ரெண்டும் மோதும். வைஃபை இணைஞ்ச மாதிரிக் காட்டும், ஆனால் லொகின் பக்கம் வராது. ஆக்கள் ஹோட்டலைத் திட்டிக்கொண்டு நிப்பினம், பிழை தங்கட லப்டொப்பில. டொக்கர் டீமன்ர ஜேசன் கோப்பில முகவரித் தொகுதியை 10.200 எண்டு தொடங்குறதுக்கு மாத்தி, சேவிஸை ரீஸ்டார்ட் பண்ணி, பழைய நெட்வேர்க்குகளை அழிச்சுவிடுங்கோ.

இன்டர்நெட் கட்டாயம் வேணுமெண்டால் போனை யூஎஸ்பி கேபிளால கொழுவி டெதரிங் பண்ணுங்கோ. போன் ஹொட்ஸ்பொட்டும் அதே நெரிசலான அலைவரிசையிலதான் கத்தும். கேபிளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, போனும் சார்ஜ் ஏறும்.

நேரடியோ வீடியோவோ எண்டால், ரெண்டும். டெமோவை நாலு படியாகப் பிரிச்சு ஒவ்வொண்டுக்கும் கிட் (git) இல ஒரு டக் (tag, அந்த நிலைக்குப் பெயர்க்குறி) போடுங்கோ. ஓபிஎஸ் எண்ட திரைப்பதிவு மென்பொருளில 1080, 30 ஃப்ரேமில, சத்தமில்லாமல் நாலு துண்டாகப் பதியுங்கோ. ஒரே நீள வீடியோ எண்டால் மூண்டாம் படியில உடைஞ்சதுக்கு எங்க இருந்து ஓடவிடுறது எண்டு சபைக்கு முன்னால தேடவேண்டி வரும். ஒரு படி 20 செக்கனுக்கு மேல இழுத்தால் அங்கயே நிண்டு பிழை தேடாமல் அந்தத் துண்டை ஓடவிட்டு, அடுத்த டக்கில நேரடியாத் தொடருங்கோ. டெமோ முழுக்க 7 நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

மானிப்பாய்_மொனிட்டர்

காத்து அண்ணை சொன்னதோட திரையையும் சேருங்கோ. உங்கட லப்டொப்பில யூஎஸ்பி-சி மட்டும்தான் இருக்கெண்டால், அந்த ஓட்டையால படம் வெளியில வருமோ எண்டு முதல்ல பாருங்கோ. சிலதில சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். எச்டிஎம்ஐ அடப்டரை வீட்டு டிவியில கொழுவிப் பார்த்தால் ரெண்டு நிமிஷத்தில தெரிஞ்சிடும்.

மண்டபத்தில மேடையில இருந்து புரொஜெக்டர் வரைக்கும் கேபிள் 15 மீற்றருக்கு மேல ஓடியிருக்கும். படம் வந்து வந்து போனால் ரெசொலூஷனை 1080க்கு இறக்குங்கோ. அதுக்கும் அடங்காட்டி 60 ஹேர்ட்ஸை 30 ஆக்குங்கோ. டெமோவுக்கு மிரர் முறை. எக்ஸ்டெண்ட்டில விட்டால் நீங்கள் தட்டுறது பின்பக்கத் திரையில, கழுத்தைத் திருப்பிக்கொண்டு தட்டவேணும்.

கறுப்புப் பின்னணி டேர்மினல் (கட்டளை தட்டுற சாளரம்) உங்கட அறையில வடிவாத்தான் இருக்கும். மண்டபத்து வெளிச்சத்தில கறுப்பு சாம்பலாகி, சாம்பல் எழுத்து காணாமல் போயிடும். வெள்ளைப் பின்னணி, எழுத்து 24 புள்ளி, திரையில 20 வரிக்கு மேல வராத மாதிரி. நீளமான ப்ரொம்ப்ட்டை ஒரு குறியாகச் சுருக்குங்கோ. திரை அணையுற நேரம், நொட்டிஃபிகேஷன், வட்சப் வெப், தானா ஓடுற அப்டேட் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ.

தமிழ் எழுத்துக்கு: பாமினியில (யூனிகோடு இல்லாத பழைய எழுத்துரு) அடிச்ச ஸ்லைடைக் குடுக்கவே வேண்டாம். ஏற்பாட்டாளர்கள் எல்லாரின்ர ஸ்லைடையும் ஒரே மெஷினில போடச் சொன்னால், அதில பாமினி இல்லாட்டி உங்கட தலைப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும். யூனிகோடுக்கு மாத்தி, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவில போட்டு, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கோ. எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளயே பதிஞ்சிருக்கோ எண்டதைக் கோப்பின்ர விபரத்தில பாக்கலாம்.

கோண்டாவில்_கோடர்

நன்றி ரெண்டு பேருக்கும். ஒரு சந்தேகம். ஸ்லைடில சரியா வருது, ஆனால் டேர்மினலில ‘கொழும்பு’ எண்டு வந்தால் கொம்பும் (ெ) அரவும் (ா) விலகி நிக்குது, எழுத்து ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறுது. எழுத்துருவை மாத்தியும் சரிவரேல்லை.

ழகரப்_பித்து

அது எழுத்துருவில பிழை இல்லை. டேர்மினல் திரையைச் சம அளவு கட்டங்களாகப் பிரிச்சு வைச்சிருக்கு. கட்டம் கட்டமா எழுதேக்க, மெய்க்கு முன்னால வரவேண்டிய கொம்பைச் சேர்த்து வடிவமைக்கிற வேலையைக் கனக்க டேர்மினல்கள் ஒழுங்காச் செய்யிறதில்லை. அதோட மல்லுக்கட்டாதேங்கோ. கட்டளையை டேர்மினலில காட்டி, விடையை பிரவுசர் பக்கத்தில காட்டுங்கோ.

சொல்லப்போனால் உங்கட தலைப்புக்கு ‘கொழும்பு’ தான் நல்ல உதாரணம், மாநாடும் அங்கதான். பாக்கிற ஆளுக்கு நாலு எழுத்து: கொ, ழு, ம், பு. யூனிகோடில 8 குறி (code point, கணினி எண்ணுற அலகு). ஆனால் ‘கொ’வின்ர ஒற்றைக்கொம்பையும் அரவையும் தனித்தனியா அடிச்சால் 9 குறி. யூடிஎஃப்-8 இல தமிழ்க் குறிக்கு 3 பைட், அதாவது 24 அல்லது 27. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு, போஸ்ட்கிரஸில சமன் அடையாளம் போட்டு ஒப்பிட்டால் ரெண்டும் ஒண்டில்லை (false) எண்டு வரும். ரெண்டையும் அடுத்தடுத்த வரியில வைச்சு, பக்கத்தில நீளத்தைக் காட்டினால் தமிழ் வாசிக்கத் தெரியாத ஆளுக்கும் விளங்கும். சபையில கனபேர் சிங்களமும் ஆங்கிலமும்தான் வாசிப்பினம் எண்டதை மறக்காதேங்கோ. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழ உச்சரிப்பை ஆங்கில எழுத்தில போடுங்கோ.

தீர்வு என்எஃப்சி (NFC) நோர்மலைசேஷன்: ஒரே எழுத்தின்ர ரெண்டு வடிவத்தையும் ஒரே குறி வரிசைக்குக் கொண்டுவாறது. போஸ்ட்கிரஸ் 13 இல இருந்து நோர்மலைஸ் எண்ட ஃபங்ஷன் உள்ளுக்கே இருக்கு, நோட்டிலயும் ஸ்ட்ரிங்கோட வருது. தேடேக்க மட்டும் செய்யிறதை விட, சேமிக்க முதலே செய்து, பழைய வரிகளையும் ஒருக்காத் திருத்திவிடுறதுதான் முறை. ஆனால் அது எல்லாத்தையும் தீர்க்கும் எண்டு மேடையில சொல்லிப்போடாதேங்கோ. ‘ஔ’வுக்குப் பதிலா ‘ஒ’வும் ‘ள’வும் அடிச்சிருந்தால் என்எஃப்சி தொடாது, ஏனெண்டால் அது உண்மையிலேயே வேற எழுத்து. ‘கௌரி’யில வாறதும் அதே சிக்கல். இதுக்குத் தனி விதி எழுதவேணும். கேள்வி நேரத்தில ஆரும் இதைத்தான் பிடிப்பினம்.

நெடுவரிசை அகலத்துக்கும் ஒரு ஸ்லைட் வையுங்கோ. ‘யாழ்ப்பாணம்’ பாக்க 6 எழுத்து, 11 குறி, 33 பைட். அகலத்தைப் பைட்டில எண்ணுற இடத்தில 30 எண்டு விட்டால் ஊரின்ர பெயரே ஏறாது. போஸ்ட்கிரஸ் குறியைத்தான் எண்ணும், அதில 11 போதும்.

இன்னொண்டு: அலுவலகத் தரவுத்தளத்தில இருந்து உண்மையான பெயரோ அடையாள அட்டை இலக்கமோ எடுக்காதேங்கோ. திரையில வாறதை ஆக்கள் படம் பிடிப்பினம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. ஊர்ப் பெயர்களே போதும்: கொழும்பு, கோப்பாய், கொக்குவில், தொண்டைமானாறு. எல்லாத்திலயும் உங்களுக்கு வேண்டிய கொம்பும் அரவும் இருக்கு.

சங்குப்பிட்டிக்_காவல்

பயணத்துக்கு. கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இரவு பஸ் விடியப்புறம் வெள்ளவத்தையில இறக்கிவிடும், 11.20க்கு நேரத்தைப் பார்த்தால் தாராளம். ஆனால் திரைச் சோதனையை அனேகமா முதல் அமர்வு தொடங்க முதல்தான் செய்ய விடுவினம், நித்திரை இல்லாத தலையோட அதுக்குப் போகாதேங்கோ. முதல்நாள் பகல் ரெயினிலயோ பஸ்ஸிலயோ போய் இரவு தங்குறதுதான் நல்லது. தங்குற செலவைப் பேச்சாளருக்கு அவையள் தருவினமோ எண்டு ஒத்துக்கொள்ள முதலே ஈமெயிலில கேட்டுவைக்கவேணும்.

இரவு பஸ்தான் எண்டால் லப்டொப் மடியில, கீழ்ப்பெட்டியில இல்லை. சீற்றில இருக்கிற யூஎஸ்பி 5 வோல்ட், போனுக்குத்தான். 20,000 எம்ஏஎச் பவர்பாங்க் 74 வாட்-அவர், இழப்புப் போக லப்டொப்புக்கு ஒரு தரம் காணும், ஆனால் யூஎஸ்பி-பிடி (PD, லப்டொப்புக்கும் காணுற சார்ஜ் முறை) மூலம் 65 வாட் குடுக்கிறதா இருக்கவேணும். ஏசி பஸ்ஸில குளிர்ந்துபோன லப்டொப்பைக் கொழும்புப் புழுக்கத்தில உடன திறவாதேங்கோ. அரை மணித்தியாலம் பைக்குள்ளயே கிடக்கட்டும், இல்லாட்டி உள்ளுக்கு வேர்க்கும்.

பிளக்: புதுக் கட்டடங்களில சதுரப்பின் 13 அம்பியர், பழைய இடங்களில உருளைப்பின் 5 அம்பியர். ரெண்டுக்கும் பொருந்துற மல்டிபிளக் ஒண்டும் 3 மீற்றர் வயரும் கொண்டுபோங்கோ. மேடையில பிளக் எப்பவும் மேசைக்கு எட்டாத மூலையிலதான் இருக்கும்.

கோண்டாவில்_கோடர்

வைஃபையை அணைச்சுச் சோதனை செய்து பார்த்தன். போஸ்ட்கிரஸும் ஏபிஐயும் எழும்பீட்டுது. பிரவுசர் பக்கத்தில ஐகன் எல்லாம் வெறும் சதுரம், காத்து அண்ணை சொன்ன மாதிரி சீடிஎன்தான். டொக்கர் முகவரி 172.18 இல நிண்டுது, மாத்தியாச்சு. அடப்டரை நாளைக்கு டிவியில கொழுவிப் பாக்கிறன்.